டென்மார்க் அன்ரி

அவர் என்னோடு பேசிய முதல் வசனமே, "உம்மட மனுசன் குடிக்கிறவரோ?" என்பதுதான்.

டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த பில்டிங்கின் நிலக்கீழ் லோண்ட்ரி அறை. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஊத்தை உடுப்புகளை வெள்ளை வேறு, கலர் வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினடியில் ஒரு மனுசி நின்றார். அறுபது வயது இருக்கும். ஆண்களைப்போல ஒட்ட வெட்டிய தலைமயிர், காலில் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. கீழே விழுந்த என் கணவரின் சேர்ட்டை எடுத்துத் தந்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார். அதற்கு முன் நான் அவரைக் கண்டதுகூட இல்லை.

முகம் எரிந்தது எனக்கு. "இல்லையே, ஆரோ பார்ட்டியில ஊத்திப்போட்டினம்" என்றேன்.

"ஊத்தினால் துணியில மணக்கும். இது வேர்வையில வாற மணம். பிள்ளையள் இருக்கோ?"

"ஒரு மகள். அவளுக்கு ஒண்டும் தெரியாது." சொன்ன பிறகுதான், என் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டது விளங்கியது.

"அவளுக்குத் தெரியும்" என்றார். "தெரியாதெண்டு நீர்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறீர்."

உடுப்புகளை அப்படியே கூடைக்குள் திணித்துக்கொண்டு ஒன்பதாம் மாடிக்குத் திரும்பிவிட்டேன். மூன்று நாள் அந்த மனுசியை மனதுக்குள் திட்டினேன். நாலாம் நாள் மகளிடம் மெல்லக் கேட்டேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. போனிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: "கிரேட் த்ரீ படிக்கேக்கையே தெரியும் அம்மா. நீங்கள் அழுவீங்கள் எண்டுதான் சொல்லேல்ல." நான் சோபாவில் இருந்துவிட்டேன்.

அவரும் எங்களுடைய மாடியில்தான் இருந்தார், மூன்று கதவு தள்ளி. எல்லோரும் டென்மார்க் அன்ரி என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயரை நான் கேட்கவேயில்லை, அவரும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் டென்மார்க்கில் இருந்தவர். கணவர் செத்த பிறகு, மகன் அங்கேயே இருக்க, மகளோடு இருக்கலாம் என்று இங்கே வந்தவர். மகள் வீட்டில் நாலு மாதம்கூடத் தங்கவில்லை. மகளின் மாமியாரிடம், "நீங்கள் நோயெண்டு படுக்கிறது உங்கட பெடியன் வேலையால வாற நேரத்தில மட்டும்தான், கவனிச்சனீங்களோ?" என்று கேட்டாராம். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே அந்த மனுசிக்கு அது தெரியாது என்று நினைத்துத்தான் கேட்டாராம். அதன் பிறகு தனியாக ஒரு அபார்ட்மெண்ட் எடுத்துக்கொண்டு எங்கள் பில்டிங்குக்கு வந்துவிட்டார்.

மறைத்துக் கதைக்க அவருக்குத் தெரியாது. சிலர் நெஞ்சில் பட்டதைச் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மற்றவரைக் குத்துவார்கள். அன்ரி அந்த வகை இல்லை. சாதத்தில் கல் கிடக்கிறது என்று சொல்கிற குரலிலேயே எதையும் சொல்வார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பார். என் கணவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போன முதல் நாள் பஸ்ஸில் எங்களோடு கூட வந்தவர் அவர்தான்.

கந்தசட்டி விரதம் முடிக்கிற பாறணைக்கு என் வீட்டில் நாலைந்து பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். எதிர்க் கதவில் இருந்த மாமியும் வந்திருந்தார். மகனோடும் மருமகள் துஷியோடும் இருந்தவர். ஆறு நாளும் தண்ணீரும் பழமுமாக இருந்து விரதம் பிடித்தவர். அன்ரி ஒரு சட்டி பருப்புக்கறி காய்ச்சிக் கொண்டு வந்திருந்தார். மாமி அதை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:

"டென்மார்க்கில நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?"

"முதல் கோழிப் பண்ணை. பிறகு பண்டிப் பண்ணை. குட்டி போடுற கொட்டிலில பேறு பாத்தனான்."

கரண்டிகள் நின்றன. துஷிதான் சிரித்தாள். அவள் இங்கே பிறந்த பிள்ளை, அப்போது ஏழு மாத வயிறு. "பேறு எண்டால் டெலிவரியா? பிக்ஸுக்கா? நோ வே, அன்ரி!"

"ஓம் பிள்ளை. சிலது தானாப் போடும். சிலதுக்குக் கையை உள்ள விட்டுத்தான் எடுக்க வேணும்." முழங்கையைத் தொட்டுக் காட்டினார். "இவ்வளவுக்குப் போகும்."

மாமி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினார். ஓங்காளிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிறகு, அன்ரி போன பின், மிச்சப் பருப்பைச் சட்டியோடு கொண்டுபோய்க் குப்பைக் குழாய்க்குள் போட்டுவிட்டு வந்தார். சட்டி ஒவ்வொரு மாடியிலும் அடிபட்டுக்கொண்டு கீழே போன சத்தம் என் கதவுவரை கேட்டது. "சட்டி எங்கை?" என்று அடுத்த நாள் அன்ரி கேட்டார். உடைந்துவிட்டது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எறிஞ்சு போட்டாவோ?" என்றார். அவ்வளவுதான். அதற்காக மாமியோடு அவர் முகம் திருப்பவேயில்லை.

அந்தப் பண்ணையைப் பற்றி நானாகத்தான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

மரமில்லாத சமதரை, எந்த நேரமும் காற்று என்று தொடங்கினார். கொட்டிலுக்குள் போக முதல் குளிக்க வேண்டும், வெளியே வரும்போதும் குளிக்க வேண்டும். எத்தனை தரம் குளித்தாலும் தலைமயிருக்குள் அந்த மணம் நிற்கும். அதனால்தான் கூந்தலை வெட்டியது, வெட்டியது பழகிப்போய்விட்டது. கோழிப் பண்ணையில் காலை வேலை, ஆயிரக்கணக்கான கோழிகளுக்குள்ளே நடந்து செத்ததைப் பொறுக்குவது, சாகப் போவதைக் கண்டுபிடிப்பது. "நடக்க நடக்க கோழியள் விலகும். விலகாமல் நிக்கிறதுதான் வருத்தக்காரி" என்றார்.

பண்டி அங்கே மனிதர்களைவிடக் கூடுதல். தாய்ப் பண்டிகள் ஒவ்வொன்றும் திரும்ப முடியாத கம்பிக் கூட்டுக்குள். கூடுதலாகக் குட்டி போடுகிற சாதியாகப் பார்த்து வளர்த்து வளர்த்து, கடைசியில் தாயின் முலைக்காம்பைவிடக் குட்டி அதிகம்.

"அப்ப மிச்சக் குட்டியள்?" என்று கேட்டேன்.

"வேற தாயிட்ட விடுவம். அதுக்கும் சரிவராத, சின்னது, மூச்சு இழுக்கிறது, அதுகளைப் பின்னங்காலில பிடிச்சு நிலத்தில ஒரு அடி. தலை படவேணும். ஒரே அடியில முடிய வேணும். அதுதான் சட்டம். நோக விடக்கூடாது."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "நீங்களா அன்ரி? நீங்களா அடிச்சனீங்கள்?"

"என்ர கொட்டில். நான்தானே அடிக்க வேணும்." பிறகு, கேட்காமலே சொன்னார்: "முதல் நாள் ஓங்காளிச்சுச் சத்தி எடுத்தனான். ஒரு மாதத்தில கை பழகிட்டுது. கண்ணுக்கும் கைக்கும் நடுவில நான் இல்லை. கண் பாக்கும், கை செய்யும்."

கண் பார்க்கும், கை செய்யும். அன்று அதை நான் வெறும் கதையாகத்தான் கேட்டேன்.

விழுந்தவுடன் கண்ணாடியாக உறைகிற மழை அந்தக் குளிர்காலத்தில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மரங்கள் முறிந்து கம்பிகளில் விழுந்து, இரண்டாம் நாள் காலை எங்கள் பகுதிக்குக் கரண்ட் போய்விட்டது. லிஃப்ட் இரண்டும் நின்றுவிட்டன. பத்து மணியிருக்கும், மாமி என் கதவை இரண்டு கையாலும் அடித்தார். துஷிக்குப் பிரசவ நோ தொடங்கிவிட்டது. நாள் இன்னும் மூன்று கிழமை இருந்தது. மாமியின் மகன் லொறியோடு மொன்றியல் பாதையில் நிற்கிறான்.

நான் ஓடிப்போய் 911-ஐக் கூப்பிட்டேன். அம்புலன்ஸ் வருகிறது, பாதை மோசம், போனை வைக்காதே என்றார்கள். துஷி முன்னறையில் ஜன்னலடியில் தரையில் கிடந்தாள். "இட்ஸ் கமிங், இட்ஸ் கமிங்" என்று கத்தினாள். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது, திரும்பிப் பார்க்கிறேன், அன்ரி குசினித் தொட்டியில் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். மாமி அவரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். துஷி இன்னொரு தரம் கத்தினாள். மாமி வாயை மூடிக்கொண்டு நடைபாதைக்குப் போய்த் தேவாரம் சொல்லத் தொடங்கினார்.

"முழங்காலை மடி பிள்ளை. வாயை மூடு, மூச்சைக் கீழ தள்ளு. நல்ல பிள்ளை. தலை தெரியுது."

பிறகு எல்லாம் கெதியில் நடந்தது. தலை வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அன்ரி விரலைக் கொடுத்து அதைத் தலைக்கு மேலால் தூக்கிவிட்டார். அடுத்த நோவோடு குழந்தை முழுதாக வழுக்கி அவருடைய கைக்குள் வந்தது. ஆண்குழந்தை. நீலம். துணிபோலத் துவண்டு கிடந்தது.

அன்ரி அதைப் பார்த்தார். பக்கத்தில் விரித்திருந்த துவாயில் வைத்தார். துஷியின் பக்கம் திரும்பி, அவளுடைய அடிவயிற்றில் கையை வைத்து அமத்திப் பார்த்தார்.

போனில் அந்தப் பெண் கேட்டாள், பிள்ளை அழுகிறதா என்று. அறையில் சத்தமே இல்லை. மாமியின் தேவாரமும் நின்றிருந்தது. நான் துவாயைப் பார்த்தேன், அன்ரியின் முதுகைப் பார்த்தேன்.

"அன்ரி! பிள்ளை அழேல்லை! அன்ரி!"

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை, நித்திரையிலிருந்து உலுப்பி எழுப்பப்பட்டவரின் பார்வை. அடுத்த கணம் குழந்தை அவருடைய கையில். சின்னவிரலில் துணியைச் சுற்றி வாயைத் துடைத்தார். முகத்தைக் கீழே சாய்த்துப் பிடித்து, முதுகைத் துவாயால் தோல் உரிந்துவிடுமோ என்று நான் பயப்படுமளவுக்குத் தேய்த்தார். வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி மெல்ல ஊதினார். திரும்பவும் ஊதினார். தேய்த்தார். மூன்றாம் தரம் ஊதப் போகையில் குழந்தை பூனைபோல ஒரு சத்தம் போட்டது. பிறகு வாயை அகலத் திறந்து கத்தியது. நீலம் நெஞ்சிலிருந்து சிவப்பாக மாறிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டேன்.

அம்புலன்ஸ்காரர் ஒன்பது மாடியும் படியேறி, வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தபோது, பிள்ளை தாயின் நெஞ்சில் கிடந்தது. மாமி அன்ரியின் காலில் விழுந்தார். "கடவுள் அனுப்பின கை" என்று அந்த ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். அன்ரி கையை இழுத்துக்கொண்டார். அப்படியே தன் வீட்டுக்குப் போய்விட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு விருந்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். அன்ரியை வருந்திக் கூப்பிட்டு நடுவில் கதிரை போட்டு இருத்தினார்கள். மாமி வந்தவர்கள் எல்லாரிடமும், "டென்மார்க்கில பெரிய மருத்துவிச்சியா இருந்தவ" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பிள்ளையை அன்ரியின் மடியில் வைத்துத்தான் அர்ச்சனை செய்வது என்றும் முடிவாகியிருந்தது.

ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள்: "எந்த ஆஸ்பத்திரியில இருந்தனீங்கள் அன்ரி?"

"ஆஸ்பத்திரி இல்லை பிள்ளை. பண்டிப் பண்ணை."

மாமியின் முகம் சுருங்கிவிட்டது. யாரோ இருமினார்கள். துஷி மட்டும், "இட்ஸ் ஓகே மாமி, தட்ஸ் ஸோ கூல்" என்று சொல்லிப் பிள்ளையைக் கொண்டுவந்து அன்ரியின் மடியில் வைத்தாள். அன்ரி பிள்ளையைப் பார்க்கவில்லை. நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு, மாமி கீழே ஆட்களை வழியனுப்பப் போயிருந்தார். துஷியும் நானும் அன்ரியும்தான். துஷியின் கணவன் மேசைகளைக் காருக்குக் கொண்டுபோய்விட்டான். அன்ரி சொன்னார்:

"பிள்ளை, நீ ஒண்டு தெரிஞ்சிருக்க வேணும். உன்ர பிள்ளை பிறந்த உடன நான் அதைக் கீழ வைச்சனான்."

"ஓம், என்னைச் செக் பண்ணினீங்கள்."

"இல்லை. துடிப்பு இல்லை, நிறம் இல்லை. பண்ணையில அப்பிடி ஒண்டு வந்தால் ஒரு பக்கமா வைச்சிட்டுத் தாயைப் பாக்கிறது. என்ர கை உன்ர பிள்ளையையும் அப்பிடி வைச்சிட்டுது. கழிச்சு வைச்சிட்டுது. நான் யோசிக்கேல்லை. ஆனா வைச்சது நான்தான்."

நான் பார்த்துக்கொண்டு நின்றேனே! முதலில் தாயைக் கவனித்தார், என்ன நிதானம் என்று போனில் ஊரெல்லாம் சொன்னவள் நான்தானே!

துஷி குழந்தையை நெஞ்சோடு இறுக்கினாள். "ஹவ் லோங்? எவ்வளவு நேரம் அன்ரி?"

"தெரியாது. உவ கத்தும்மட்டும்" என்று என்னைக் காட்டினார்.

"இவ கத்தியிருக்காட்டி?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானே திரும்பியிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு எந்த மனிதரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அன்ரி துஷியின் கண்ணைப் பார்த்து, "தெரியாது பிள்ளை" என்றார்.

"ப்ளீஸ் போங்கோ" என்றாள் துஷி. மெதுவாகத்தான் சொன்னாள். குழந்தையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

நடைபாதையில் அன்ரியைப் பிடித்துக்கொண்டேன். கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. "ஏன் அன்ரி சொன்னனீங்கள்? ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே!"

"உமக்குத் தெரியும்."

"எனக்கு விளங்கவேயில்லையே!"

"கண்டது நீர். ஒருநாள் விளங்கும். பிறகு அவளுக்குச் சொல்லுறதோ விடுறதோ எண்டு நீர் கிடந்து தவிப்பீர். உமக்கு ஏன் அந்தச் சுமை?" கதவைத் திறந்தபடி சொன்னார்: "அந்தப் பிள்ளையை என்ர மடியில வைச்சுக் கும்பிடுகினம். எனக்கு மூச்சு முட்டுது."

அர்ச்சனை நடக்கவில்லை. துஷி மாமியிடம் காரணம் சொல்லவில்லை. பண்டிக் கதையை நாற்பது பேருக்கு முன்னால் சொல்லி மானத்தை வாங்கியதற்குத்தான் மருமகள் கோபம் என்று மாமி நினைத்துக்கொண்டார். லிஃப்டில் அன்ரியைக் கண்டால் துஷி அடுத்த லிஃப்டுக்கு நிற்பாள். உண்மையைச் சொன்னால், நானும் இரண்டு கிழமை அவருடைய வீட்டுக்குப் போகவில்லை. அவர் காய்ச்சிய தேத்தண்ணீரை எப்படிக் குடிப்பேன் என்றிருந்தது. பிறகு, என் கணவரோடு பஸ்ஸில் வந்தவரல்லவா என்று நினைத்து, போனேன். "பயம் தெளிஞ்சுதோ?" என்று கேட்டார். "இன்னும் இல்லை அன்ரி" என்றேன். "சரி, இரும்" என்றார்.

ஒரு மாதத்துக்கும் மேலே போயிருக்கும். ஒரு மத்தியானம் அவருடைய வீட்டில் இரண்டு பேருமாகச் சாப்பிட்டு முடித்து, அன்ரி தொட்டியில் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தார். கதவு தட்டுப்பட்டது. திறந்தேன். துஷி நின்றாள். தலை வாரவில்லை. கையில் குழந்தை வீரிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"காலமையில இருந்து இப்பிடித்தான். பால் குடிக்கிறானில்லை. மாமி ஓமத்தண்ணி குடுக்கச் சொல்லுறா." என்னைத் தாண்டி அன்ரியைப் பார்த்தாள். "ஐம் ஸ்டில் மேட் அட் யூ, அன்ரி. ஆனா நீங்கள் பொய் சொல்ல மாட்டீங்கள். என்னெண்டு பாத்துச் சொல்லுங்கோ."

அன்ரி கையைத் துடைக்காமலே வந்தார். தொடவில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். "மேசையில கிடத்து. உடுப்பு முழுக்கக் கழட்டு. சொக்ஸையும்."

துஷி கழற்றினாள். இடது கால் சொக்ஸ் கழன்றது. நடு விரல் ஊதா நிறத்தில் வீங்கி, அடியில் ஒரு மெல்லிய வெட்டுப்போலப் பள்ளம் விழுந்திருந்தது.

"மயிர்" என்றார் அன்ரி. "உன்ர தலைமயிர் பிள்ளை. சொக்ஸுக்குள்ள கிடந்து சுத்தி இறுகியிருக்கு. பயப்பிடாத. உனக்கு நகம் இருக்கு, நீயே எடு. பின்பக்கமாப் பார், நுனி தெரியும். ஓம், அதுதான். இழுக்காத, மெல்ல அவிழ்."

துஷி அழுதுகொண்டே அவிழ்த்தாள். அன்ரி குனிந்து வெளிச்சம் பிடித்தாரே தவிர, ஒரு விரல் படவில்லை. ஒற்றை மயிர், மூன்று சுற்று. வெளியே வந்ததும் குழந்தையின் கத்தல் விக்கலாகி, விக்கல் பெருமூச்சாகி அடங்கியது. விரல் மெல்ல மெல்ல நிறம் மாறியது.

"உள்ள இன்னும் ஒரு சுத்துக் கிடக்கலாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டு. நாளைக்கெண்டு வைக்காத."

துஷி குழந்தையைத் தோளில் போட்டாள். ஜாக்கெட்டைத் தேடினாள். பிறகு நின்றாள். அன்ரியின் முன்னால் வந்து இரண்டு கையாலும் குழந்தையை நீட்டினாள்.

"ஒரு நிமிசம் பிடியுங்கோ அன்ரி. நான் ஜாக்கெட்டைப் போட."

அன்ரி ஒரு அடி பின்னால் போனார்.

"வேண்டாம் பிள்ளை. கை கழுவேல்லை" என்றார்.

அவருடைய முழங்கைவரை சவர்க்கார நுரை இன்னும் காயாமல் இருந்தது. ஒரு சொட்டு, விரல் நுனியிலிருந்து தரையில் விழுந்தது. துஷி அந்தக் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கை நீட்டினேன். குழந்தையை என்னிடம் தந்துவிட்டு ஜாக்கெட்டைப் போட்டாள்.

அன்ரி பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.